இரண்டு பல் தளர்வு

முதல் ரிவிட் நடுத் துளையில் இறங்கியது. இடது கட்டைவிரல் பிரேக் லைனிங்கை இரும்பு ஷூவோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்க, வலது கை சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியது. பித்தளைத் தலை பூப்போல விரிந்து படிந்தது. அடுத்த ரிவிட் அதற்கு இடப்பக்கம், அதற்கடுத்தது வலப்பக்கம். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரத்திலிருந்து அடித்துக்கொண்டு வந்தால் லைனிங் நடுவில் உப்பிக்கொள்ளும், உப்பிய இடம் மட்டும் தேயும், ஒரு மாதத்தில் பிரேக்கை மிதித்தாலும் வண்டி நிற்காமல் ஓடும். அந்தக் கைகளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன ஷூக்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தாமாகவே தெரிந்துகொண்ட கைகள் அவை.

"ஏலே ராயப்பா, இம்புட்டு மெதுவாவா அடிப்ப? திங்கக்கெழம வண்டி எடுக்கணும்லே. வர்ற திங்கக்கெழம. அடுத்த வருசத்துத் திங்கக்கெழம இல்ல."

எதிரே மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தவர் பெரியகருப்பன்.

"அவசரம்னா ஒட்டுற கடைக்குப் போ. பசையத் தடவி அரை மணி நேரத்துல குடுத்துருவான்" என்றார் ராயப்பராஜ், தலை நிமிராமல்.

"அடேங்கப்பா, கோவத்தப் பாரு. இந்தா, ஆயக்குடி காய். உப்பும் மொளகாத்தூளும் போட்டிருக்கேன். தின்னுட்டு அடி."

அது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு. திண்டுக்கல்லில் பிரேக் ஷூவுக்கு ரிவிட் அடிக்கிறவர் என்றால் ராயப்பராஜைத்தான் சொல்வார்கள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்கு மலை இறங்கும் லாரிக்காரர்கள்கூட இங்கே வந்து காத்துக் கிடப்பார்கள். அன்றைக்கு அவர் மேஜையில் இருந்த எட்டு ஷூக்களும் கார் ஸ்டாண்டு ஓட்டுநர் மலைச்சாமியின் பழைய அம்பாசடருடையவை. கண்ணில் புரை விழுந்ததால் மலைச்சாமியால் இனி வண்டி ஓட்ட முடியாது. பெரியகருப்பனைக் கூப்பிட்டு, "நீ ஓட்டுப்பா" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். ஒன்பது வருடத்துக்கு அப்புறம் பெரியகருப்பன் ஸ்டியரிங்கைத் தொடப்போகிறார். தொடுவதற்கு முன்னால் பிரேக்கைப் புதிதாக்க வேண்டும் என்று ஷூக்களைக் கழற்றி, தான் கொய்யாக்காய் விற்கும் தள்ளுவண்டியிலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

 ராயப்பராஜ் ஒன்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றை, இந்த எட்டு ஷூக்களும் அவர் கையை விட்டுப் போவதற்குள் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமைக்கு அப்புறம் சொல்லிப் பயனில்லை. வேலை மெதுவாக நடந்ததற்கு அதுதான் காரணம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கார் ஸ்டாண்டில் ஆறு அம்பாசடர்கள் நின்றன. ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி விடிகாலையில், ஆறு வண்டிகளையும் 'சுத்து' விடுவது வழக்கம். பூஜை போட்ட அலங்காரத்தோடு, முன் பம்பரின் இரண்டு பக்கமும் கட்டிய வாழைக்கன்றோடு கிளம்ப வேண்டும். ஸ்டாண்டிலிருந்து பேகம்பூர், அங்கிருந்து மலையடிவாரத்தைச் சுற்றி, கடைவீதி வழியாகத் திரும்ப ஸ்டாண்டு. முதலில் வந்தால் மட்டும் போதாது, வாழைக்கன்று முறியாமலும் வர வேண்டும். குருத்து சாய்ந்திருந்தால் வந்தவன் வந்ததாகக் கணக்கில்லை. அதனால் வளைவில் வண்டியைக் குலுக்காமல் ஒடிக்க வேண்டும். பிரேக்கைப் பொசுக்கென்று மிதித்தால் கன்று முன்னால் விழுந்து முறியும். கியரைக் குறைத்து, எஞ்சினைக் கொண்டே வண்டியை அடக்குகிறவன்தான் ஓட்டுநர். சுத்து முடிவதற்குள் பிரேக்கில் கால் வைத்தவனை அடுத்த விஜயதசமி வரைக்கும் கேலி செய்வார்கள்.

வருடம் முழுக்க அவர்கள் மற்றவர்களுக்காக ஓட்டினார்கள். பிரசவத்துக்கு ஒருத்தி, பழனிக்கு ஒரு குடும்பம், சடலத்தோடு ஒரு வீட்டார். எங்கே போகச் சொன்னார்களோ அங்கே, எந்த வேகத்தில் போகச் சொன்னார்களோ அந்த வேகத்தில். அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் பின் இருக்கையில் யாரும் கிடையாது. அதைப் பார்க்கத் தெருவே எழுந்து நிற்கும். தண்ணீர்க் குடத்தோடு வந்தவர்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். பேகம்பூரில் தொழுகை முடித்து வருகிறவர்கள் தொப்பியைக் கழற்றி வீசிக் காட்டுவார்கள். சந்தன வாசனை, சாம்பிராணி, பெட்ரோல் புகை எல்லாம் கலந்து ஒரு வாடை அடிக்கும். முதல் வருடங்களில் அது ஊர்வலம் மாதிரிதான் போயிற்று. பிறகு, வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக, ஓட்டமாகிவிட்டது. எந்த வருடத்தில் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

ராயப்பராஜ் வேதக்காரர், கிறிஸ்தவர். ஆயுத பூஜை அவருடைய பூஜை இல்லை. ஆனால் சுத்துக்கு முன்னால் ஆறு வண்டியின் பிரேக்கையும் அவர்தான் பார்ப்பார். ராயப்பன் பார்த்துவிட்டான் என்றால்தான் வண்டி கிளம்பும்.

பெரியகருப்பன் மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாவதாக வந்தார். மூன்று முறையும் ஒரு வண்டி நீளம், அவ்வளவுதான். கைத்திறமையில் அவருக்கு இணை அந்த ஸ்டாண்டில் கிடையாது. ஆனால் அவருடைய வண்டியில் முன் சக்கரத்து டிரம்மில் ஷூ லேசாக உரசிக்கொண்டிருந்தது. வேறு யார் காதுக்கும் அந்த உரசல் கேட்காது. ராயப்பராஜுக்குக் கேட்கும். பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்றால் அந்த உரசல் இருக்கத்தான் வேண்டும், அப்படி வைத்ததே அவர்தான். ஆனால் சிநேகிதன் தோற்றுத் தோற்று வருவதைப் பார்க்கையில், அவனைப் பிடித்து இழுப்பது தன்னுடைய சுத்தமான வேலைதான் என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

தொண்ணூற்றாறாம் வருடம் விஜயதசமி. ஓட்டுநர்கள் ஆறு பேரும் பிள்ளையார் கோயிலுக்குச் சூடம் ஏற்றப் போயிருந்தார்கள். ராயப்பராஜ் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரியகருப்பன் வண்டிக்கு வந்ததும், முன் சக்கரம் இரண்டையும் தூக்கி, டிரம்மின் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு, இறுக்கும் திருகைப் பின்பக்கமாகத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு பல். இன்னொரு பல். ஷூ டிரம்மை விட்டு விலகியதும் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி விட்டார். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எப்படியும் இவன் பிரேக்கைத் தொடப்போவதில்லை. சாயங்காலம் வந்து மறுபடி இரண்டு பல் ஏற்றிவிடலாம். கேட்டால் வேண்டாம் என்பான், கேட்காமலே செய்துவிடலாம். இந்த மூன்று நினைப்பும் சக்கரம் சுற்றி நிற்பதற்குள் வந்து போயின.

பேகம்பூர் வளைவுக்குப் பெரியகருப்பன் முதலாவதாக வந்தார். வண்டி மிதந்தது என்று பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அவருக்கும் பின்னால் வந்தவருக்கும் நடுவே பத்து வண்டி தூரம் இருந்தது. கீரைக்கூடையோடு கிராமத்திலிருந்து வந்த ராக்கம்மாள், வண்டிகள் வர இன்னும் நேரமிருக்கிறது என்று எண்ணியோ, சத்தம் கேட்காமலோ, சாலையைக் கடந்தாள். பெரியகருப்பன் மிதித்தார். பெடல் அடிப்பலகைவரை போயிற்று. மறுபடி மிதித்தபோது பிடித்தது. இரண்டு மிதிக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்னப் பொழுதில் எல்லாம் முடிந்துவிட்டது. சாலை முழுக்க அரைக்கீரை பரந்து கிடந்தது. வாழைக்கன்றில் ஒன்று முறிந்திருந்தது. இன்னொன்று நிமிர்ந்தே நின்றது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஸ்டாண்டிலேயே நிறுத்தினார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் மறுநாள் காலையில் வந்து சோதிப்பார் என்று சொல்லிவிட்டுப் போலீஸார் பெரியகருப்பனை அழைத்துக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் ராயப்பராஜ் ஜாக்கியோடு ஸ்டாண்டுக்குப் போனார். காலையில் மனதில் போட்டு வைத்த வேலை அது. வண்டியைத் தூக்கினார், துளையைத் தேடிப் பிடித்தார், ஒரு பல் ஏற்றினார், இன்னொரு பல் ஏற்றினார். வலது சக்கரம், இடது சக்கரம். யாரும் அவரைக் கேட்கவில்லை. ராயப்பராஜ் வண்டிக்கு அடியில் கிடப்பது அந்த ஊரில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. வேலை முடிந்து ஸ்க்ரூடிரைவரைத் துடைக்கும்போதுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. கை பழக்கத்தில் செய்ததா, பயத்தில் செய்ததா? இந்தக் கேள்வியை அவர் எத்தனையோ முறை தனக்குத்தானே கேட்டிருக்கிறார். பழக்கம் என்று ஒரு நாள் தோன்றும். பயம் என்று மறுநாள் தோன்றும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் மிதித்துப் பார்த்தார். பிடித்தது. ஓட்டிப் பார்த்தார், நின்றது. பழுது ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கோர்ட்டில் ராயப்பராஜையும் கூப்பிட்டார்கள். அன்று காலையில் அந்த வண்டியின் பிரேக்கைப் பார்த்தீர்களா? பார்த்தேன். சரியாக இருந்ததா? இருந்தது. இதைப் பழக்கத்தின் மேல் போட வழியில்லை. அது அவருக்கே தெரியும்.

பெடல் கீழே போயிற்று என்று பெரியகருப்பன் சொன்னதைப் பொய் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் உள்ளே இருந்தார். லைசென்ஸும் போயிற்று; இப்போதுதான் புதிதாக எடுத்திருந்தார். சுத்து விடுவது அந்த வருடத்தோடு நின்றது.

வெளியே வந்த பெரியகருப்பன் யாரையும் குறை சொல்லவில்லை. முதலில், "நான் மிதிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, "மிதிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றார். கொஞ்ச காலம் போனதும், "கால் வரல போலருக்கு" என்றார். இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், சிநேகிதன் சொல்லியிருக்கிறான், அப்புறம் எப்படி மிதித்திருக்க முடியும்? தள்ளுவண்டியைத் தள்ளும்போது வலது காலைப் பார்த்துக்கொண்டே நடப்பார். உட்கார்ந்திருக்கும்போது தன்னை அறியாமல் தரையை மிதித்து மிதித்துப் பார்ப்பார்.

ராயப்பராஜின் மனைவி ஆனந்தமேரிக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார், நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக்கு எழுந்து போக மாட்டார். "ஒம்பது வருசமா பெஞ்சுல ஒட்டிக்கிட்டே ஒக்காந்திருக்கீங்களே, அப்படி என்ன பாவம் பண்ணிட்டீங்க?" என்று கேட்பாள். பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் ஒரே ஒரு முறை சொன்னார். "என்னிடம் சொன்னது போதாது, அந்த மனிதரிடம் போய்ச் சொல்லுங்கள்" என்றார் சாமியார். அதற்குப் பின் அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை.

ஏழாவது ஷூ முடிந்தது. ராயப்பராஜ் அதைச் சுத்தியல் காம்பால் தட்டிக் கேட்டார். கெட்டியான சத்தம். கீழே வைத்தார்.

"என்னா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்றார் பெரியகருப்பன். "நேத்து ஸ்டாண்டுப் பக்கம் போனேன்லே. புதுப் பயலுக எல்லாம் சுத்தி ஒக்காந்துக்கிட்டு, 'அண்ணே, அந்தச் சுத்தப் பத்திச் சொல்லுங்கண்ணே'ங்கிறானுக. ஒருத்தி செத்துப்போனதுலே அது, அதையா கேக்குறீகன்னு வஞ்சேன். ஆனா..."

"ஆனா என்ன?"

பெரியகருப்பன் கத்தியை மடக்கினார். குரல் இறங்கியது.

"ஒன்கிட்ட சொல்றதுக்கென்ன. சொல்ல ஆரம்பிச்சா எனக்கே நிக்க மாட்டேங்குது. அந்த வளைவுக்கு வர்ற வரைக்கும் வண்டி மெதந்துச்சு ராயப்பா. இருவது வருசம் ஓட்டியிருக்கேன், ஒரு நாளும் அப்பிடி ஓடுனதில்ல. நெனச்சா திரும்புது. காத்துல வைக்கோல் போற மாதிரி. ஒரு மனுசன் வாழ்க்கையில ஒரு தடவைதான் அப்பிடி ஓட்டுவான். அத மட்டும் யாரும் என்கிட்டருந்து பிடுங்க முடியாது. கால்தான் கெடுத்துருச்சு."

ராயப்பராஜ் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அம்புட்டுப் பேசுறேன், திங்கக்கெழமைய நெனச்சா பயமாத்தான் இருக்கு" என்றார் பெரியகருப்பன். "ரோட்டுல ஒரு பிள்ள குறுக்க வந்து, மிதிக்கிற நேரத்துல மறுபடியும் இந்தக் கால் வரலன்னா? அதான் சொல்றேன், லைனிங்க நல்லா அடிச்சுக் குடு. தொட்டாப் பிடிக்கணும்."

"கருப்பா, அன்னிக்கு ஒன் காலு மிதிச்சுச்சு."

"ஆமா, நீயும் ஆறுதலுக்கு இதத்தான் சொல்லுவ."

"ஆறுதல் இல்லலே. பெடலுதான் கீழ போச்சு. நான் தளத்தி வச்சிருந்தேன். முன்னாடி ரெண்டு சக்கரத்துலயும். ரெண்டு பல்லு."

பெரியகருப்பன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ராயப்பராஜ் வேடிக்கைக்குக்கூட ஒரு அளவைத் தப்பாகச் சொல்கிறவர் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"எப்ப?"

"நீங்கள்லாம் சூடம் ஏத்தப் போனப்ப."

"எதுக்கு?"

"நீ ஜெயிக்கணும்னு."

"நான் கேட்டனா?"

"கேக்கல."

தெருவில் ஒரு லாரி போயிற்று. மடக்கிய கத்தியைப் பெரியகருப்பன் பக்கத்தில் வைத்தார்.

"பிரேக் இன்ஸ்பெக்டர் மிதிச்சப்ப பிடிச்சுச்சே?"

"அன்னிக்குச் சாயங்காலமே போயி இறுக்கிட்டேன்."

கோர்ட்டைப் பற்றிப் பெரியகருப்பன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ராயப்பராஜுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். பெரியகருப்பன் குனிந்து வலது காலைச் செருப்பிலிருந்து எடுத்தார். வெறுங்காலைத் தரையில் வைத்து மெதுவாக அழுத்தினார். எடுத்தார். மறுபடி அழுத்தினார். ஒன்பது வருடமாகப் பேசாமல் இருந்த ஒரு சொந்தக்காரன் வந்து எதிரே நிற்பதைப் பார்ப்பதுபோல அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் நிறைந்து வழிந்தன. துடைக்கவில்லை.

பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அந்த ஓட்டம்? வண்டி மெதந்துச்சே. அதுவும் நீதானா?"

இது ராயப்பராஜ் எதிர்பார்க்காத கேள்வி. அவர் எத்தனையோ விதமாக இந்த நாளை நினைத்துப் பார்த்திருக்கிறார். அடிப்பான், கத்துவான், போலீசுக்குப் போவான் என்றெல்லாம் நினைத்திருக்கிறார். இதை நினைத்ததில்லை. இல்லை, ஓட்டம் உன்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நல்ல பொய். அவனுக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். ஆனால் இரண்டு பல் தளர்ந்தால் ஒரு டிரம் எப்படிச் சுற்றும் என்று அவர் கை அறியும். கோர்ட்டில் சொன்ன பொய்யும் அவர் அறிவார். இன்னொன்றைச் சொல்ல முடியவில்லை.

"அதுவும்தான்" என்றார்.

பெரியகருப்பன் தலையை ஆட்டினார். எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். அவருடைய தள்ளுவண்டியில் கொய்யாக்காய்கள் வெயிலில் கிடந்தன.

"ஸ்டாண்டுல எல்லார் முன்னாடியும் சொல்லிர்றேன்" என்றார் ராயப்பராஜ், பின்னாலிருந்து. "வக்கீலப் பாத்து எழுதிக் குடுக்கச் சொன்னாலும் குடுக்குறேன்."

"ஸ்டாண்டுல எவன் இருக்கான் இப்ப? எல்லாம் புதுப் பயலுக." அவர் திரும்பாமலே பேசினார். "ராக்கம்மா மவ அம்பிகா தெனமும் என் வண்டியத் தாண்டித்தான் மில்லு வேலைக்குப் போகுது. அது வர்றதத் தூரத்துல பாத்தாலே நான் தலையக் குனிஞ்சுக்குவேன், காய அடுக்குற மாதிரி. ஒம்பது வருசம். அதுகிட்டப் போயிச் சொல்லு."

"சொல்றேன்."

"நான் கூட வர மாட்டேன். நீ தனியாப் போ."

"சரி."

"இன்னொரு ஷூ கெடக்கே. அத முடி."

எட்டாவது ஷூவை ராயப்பராஜ் எடுத்தார். நடுத் துளையில் ரிவிட்டை விட்டார். கண் மறைத்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அடித்தார். ஒரு ரிவிட் கோணலாகப் படிந்தது. அதைத் துளைத்து எடுத்து வேறொன்று போட்டார். அவசரப்படவில்லை. வாசலில் நின்றவரும் அவசரப்படுத்தவில்லை. கடைசி ரிவிட் விரிந்து படிந்ததும், லைனிங்கின் இரண்டு முனையையும் அரத்தால் சாய்வாகச் சீவி, தூசியை ஊதினார்.

எட்டையும் மேஜையில் வரிசையாக வைத்து, "ஆச்சு" என்றார். "நானே வந்து மாட்டித் தாரேன். அளவு வச்சு இறுக்கணும்."

"வேணாம். நானே மாட்டி இறுக்கிக்கிறேன்."

பெரியகருப்பன் உள்ளே வந்தார். முதல் ஷூவை எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லைனிங்குக்கும் இரும்புக்கும் நடுவே எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். முப்பது வருடப் பழக்கத்தில் ராயப்பராஜின் வேலையை அவர் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை. வாங்கிக்கொண்டு போய்விடுவார். இன்றைக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரிவிட்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எட்டாவதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். ராயப்பராஜ் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு எதிரே நின்றார்.

எதிலும் வெளிச்சம் தெரியவில்லை.

ராயப்பராஜ் கம்பியை எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து, நான்கு கட்டுகளாகக் கட்டினார். மேல் இரண்டு கட்டுகளிலும் முன் சக்கரத்து ஷூக்கள் இருக்கும்படி அடுக்கி, இரண்டு கைகளாலும் தூக்கி நீட்டினார். பெரியகருப்பன் சற்று நேரம் அந்தக் கைகளையே பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.